வேம்பாரில் இருந்து 1548-ல் போன கடிதம்: அதைப் படிக்க எத்தனை மொழி தெரியணும்?

தூத்துக்குடியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் பக்கம் போனால், மாவட்ட எல்லையை ஒட்டி வரும் கடலோர ஊர் வேம்பார். பலருக்கு இந்தப் பெயர் கருப்பட்டியால்தான் தெரிந்திருக்கும். முத்துக்குளித்துறையின் ஏழு பழைய கடல்துறைகளில் இதுவும் ஒன்று. வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், திருச்செந்தூர், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு ஆகியவை மற்றவை.

1548 அக்டோபர் 31-ம் தேதி இந்த ஊரில் இருந்து ஒரு கடிதம் ரோமுக்குப் போனது. எழுதியவர் ஹென்ரீக் ஹென்ரீக்கஸ் என்ற போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி. தமிழில் அண்டிரிக் அடிகளார் என்று சொல்வார்கள். பெறுநர் அந்தச் சபையின் நிறுவனர் இக்னேஷியஸ் லயோலா. தமிழை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கும் விஷயங்களில் ஒன்று.

கடிதம் தொலைந்து போகவில்லை. 'டாக்குமெண்டா இண்டிகா' என்ற தொகுப்பின் முதல் தொகுதியில் அச்சிலேயே இருக்கிறது. ஜோசப் விக்கி என்ற இயேசு சபை அறிஞர் தொடங்கிய இந்தத் தொகுப்பு 1948 முதல் 1988 வரை ரோமில் 18 தொகுதிகளாக வெளிவந்தது. சிக்கல் என்னன்னா, உள்ளே இருக்கும் கடிதங்கள் போர்ச்சுகீசியம், ஸ்பானிஷ், இத்தாலியன், லத்தீன் எனப் பல மொழிகளில் இருக்கின்றன. பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும்கூட லத்தீனில்தான்.

அதாவது, கடிதம் எழுதப்பட்ட ஊரைச் சேர்ந்த ஒரு வரலாற்று மாணவருக்குப் புத்தகம் கையில் கிடைத்தாலும், முதல் பக்கத்திலேயே கதவு சாத்தியிருக்கும்.

'ஏரியா ஸ்டடீஸ்' என்ற பல்கலைக்கழகத் துறை உலகம் முழுக்கச் சந்திக்கும் பிரச்சினை இதுதான். ஒரு பகுதியை ஆய்வு செய்யணும்னா அதன் மொழியும், அதைப் பற்றி எழுதப்பட்ட மொழிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஆனா அதுக்கு யார் நேரம் தருவார்கள், யார் காசு தருவார்கள்?

ஏரியா ஸ்டடீஸ்னா என்ன?

வரலாறு, அரசியல், பொருளாதாரம், மானுடவியல் என்று தனித்தனியாகப் பிரிக்காமல், ஒரு நிலப்பகுதியை மொத்தமாக எடுத்து ஆய்வு செய்யும் துறை இது. தெற்காசியா, தென்கிழக்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று பகுதிவாரியாக மையங்கள் இருக்கும். தமிழில் 'பிராந்திய ஆய்வுகள்' என்கிறார்கள்.

இது பெரிய அளவில் வளர்ந்ததற்குக் காரணம் பனிப்போர். 1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்தது. அடுத்த ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அதன் ஆறாவது பிரிவு, அமெரிக்காவில் அதிகம் கற்பிக்கப்படாத மொழிகளுக்கு அரசுப் பணம் ஒதுக்கியது. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி போன்ற இடங்களில் தமிழ் வகுப்புகள் வேரூன்ற இந்தப் பணம் உதவியது. உளவுக்கும் ராஜதந்திரத்துக்கும் என ஒதுக்கிய காசில் ஒரு பகுதி சங்க இலக்கிய வகுப்புக்கும் போனது என்று சொன்னால் தப்பில்லை.

இந்தியாவில் 1955-ல் டெல்லி சப்ரூ ஹவுஸில் சர்வதேச ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளி தொடங்கியது. 1970-ல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1960களில் யுஜிசி தனியாக ஏரியா ஸ்டடி திட்டம் கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் இருக்கிறது.

மையம் திறப்பது எளிது. மொழிதான் கஷ்டம். எவ்வளவு கஷ்டம் என்பதற்கு முத்துக்குளித்துறையிலேயே ஒரு கதை இருக்கிறது.

'வேணும்'னு சொன்னதால வந்த வினை

1542-ல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கடற்கரைக்கு வந்தார். பரதவர்கள் 1530களிலேயே கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் செபம் சொல்லித்தர ஆள் இல்லை. சேவியருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

1544-ல் அவர் தன் சக ஊழியர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறார். விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் இதுவரை 'வேணும்' என்று சொல்லி வந்திருக்கிறோம், இனி 'விசுவாசம்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள் என்கிறார். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்திலும் ஒரு திருத்தம். தமிழில் இருந்த சொல் 'பலவந்தத்தால்' என்று பொருள் தருகிறது, அவர் தானாக விரும்பித்தானே பாடுபட்டார் என்று விளக்குகிறார்.

சேவியர் வந்து ஒன்றரை ஆண்டு போலக் கழிந்திருக்கிறது. அதுவரை 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாக 'கடவுள் வேணும்' என்று சொல்லிக் கொண்டிருந்திருக்கிறார்கள். அதுவும் அழகான செபம்தான், ஆனா சொல்ல வந்தது அது இல்லையே! மொழிபெயர்ப்பாளர் வழியாக மட்டுமே ஒரு சமூகத்தை அணுகினால் எங்கே சறுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது சிரமம். தவறு நடப்பது சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது.

1546-ல் இந்தியா வந்த ஹென்ரீக்கஸ் இந்த இடத்தில்தான் வேறு வழி பிடித்தார். ஆரம்பத்தில் அவருக்கும் தமிழ் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது. பிறகு லத்தீன் படித்த முறையிலேயே உட்கார்ந்தார். வேற்றுமை உருபுகள் என்னென்ன, இறந்தகாலம் எப்படி, எதிர்காலம் எப்படி என்று தானே ஒரு இலக்கணத்தைத் தொகுத்துக்கொண்டே படித்தார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத நிலைக்கு வந்தார். வேம்பார் கடிதம் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

பிறகு தன்னுடன் இருந்த சக துறவிகளுக்கும் ஒரு விதி வைத்தார். தங்களுக்குள் தமிழில்தான் பேச வேண்டும், தவறினால் அதற்குத் தண்டனை உண்டு. இன்று அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி கோடைக்கால மொழிப் பள்ளியில் மாணவர்களிடம் 'படிக்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேச மாட்டேன்' என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே டெக்னிக்.

1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1586-ல் வந்த 'அடியார் வரலாறு' இரண்டும் ஹென்ரீக்கஸின் தமிழ்ப் புத்தகங்கள். 1600-ல் புன்னைக்காயலில் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் அவர் இந்தப் பக்கத்தில் வேலை செய்தார். மதம் பரப்ப வந்தவர் என்பதை மறந்துவிட்டு அவரை வெறும் மொழி ஆர்வலராக ஆக்கிவிட முடியாது. அதேபோல, அவர் இலக்கண நூலை ஒதுக்கிவிட்டு அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழைப் பற்றிப் பேசவும் முடியாது.

இலக்கணம் படிக்க ரெண்டு பேர் தேவைப்பட்டது

அந்த இலக்கணத்தின் பெயர் 'ஆர்தெ த லிங்குவா மலபார்'. கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஹான்ஸ் வெர்மீர் என்ற ஜெர்மன் அறிஞர் 1982-ல் அதை அச்சில் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் வர 2013 வரை ஆனது.

யார் செய்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. போர்ச்சுகீசியம் தெரிந்த ஜீன் ஹைன் ஒருவர். தமிழ் மொழியியல் அறிஞரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவருமான வி.எஸ்.ராஜம் இன்னொருவர். இருவரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு ஹார்வர்டு ஓரியண்டல் சீரிஸில் வெளிவந்தது. ரோமன் எழுத்தில் போர்ச்சுகீசியக் காதால் கேட்டு எழுதிய 16-ம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொல் எது என்று கண்டுபிடிக்கத் தமிழ் வேணும். அதைச் சுற்றியுள்ள விளக்கத்தைப் படிக்கப் போர்ச்சுகீசியம் வேணும். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் பாதிப் புத்தகத்தைத்தான் படிக்க முடியும்.

தலைப்பிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 'மலபார் மொழி' என்றால் இன்று எல்லோரும் மலையாளம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அது தமிழ் இலக்கணம். அந்தக் காலப் போர்ச்சுகீசியர்களும் டச்சுக்காரர்களும் தமிழையும் தமிழர்களையும் 'மலபார்' என்றே குறிப்பிட்டார்கள். இலங்கையின் டச்சு ஆவணங்களில் வரும் 'மலபாரிகள்' பெரும்பாலும் தமிழர்கள்தான்.

கண்ணிகள் இன்னும் உண்டு. இந்தக் கடற்கரைக்குப் போர்ச்சுகீசியப் பெயர் 'கோஸ்தா த பெஷ்காரியா'. அகராதியைப் பார்த்தால் 'மீன்பிடிக் கரை' என்று வரும். அவர்கள் சொன்னது முத்துக்குளிப்பை. டச்சுக்காரர்கள் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்ட இந்தக் கரையை 'மதுரெ' என்று எழுதினார்கள். ஜாவாவுக்குப் பக்கத்தில் அதே கம்பெனி வியாபாரம் செய்த மதுரா தீவும் ஏறக்குறைய அதே எழுத்தில்தான் வரும். 'பத்தங்காத்தின்' என்ற சொல்லைப் போர்ச்சுகீசிய அகராதியில் தேடிக் களைத்துப் போகலாம். அது நம்ம ஊர் 'பட்டங்கட்டி', பரதவர் ஊர்த் தலைவர்.

அப்போ, இங்கே இருக்கிற ஒரு மாணவருக்கு வெளிநாட்டு ஆய்வாளரிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. 'பட்டங்கட்டி' என்ற சொல்லை ஆவணத்தில் பார்த்தவுடனே அடையாளம் காண அவரால் முடியும், அதைச் சுற்றியுள்ள வாக்கியத்தைப் படிக்க முடிந்தால்.

எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் போர்ச்சுகீசியமோ டச்சோ வேலைக்குப் போதுமான அளவு கற்க 24 முதல் 30 வாரம், அதாவது 600 முதல் 750 வகுப்பு மணி நேரம். தமிழ் கற்க 44 வாரம், சுமார் 1,100 மணி நேரம். ஜப்பானியம், அரபி, சீனம் எல்லாம் 88 வாரம்.

இது முழுநேரப் பயிற்சிக் கணக்கு. வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்கும் ஒரு பிஎச்டி மாணவருக்கு 750 மணி நேரம் என்பது 75 வாரம். ஒன்றரை ஆண்டு. யுஜிசி-யின் 2022 விதிகள்படி பிஎச்டிக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதில் ஒன்றரை ஆண்டு மொழிக்கே போனால், ஆவணக் காப்பகத்துக்கு எப்போ போவது, ஆய்வேடு எப்போ எழுதுவது?

அந்த 750 மணி நேரமும் இன்றைய மொழிக்குத்தான். 17-ம் நூற்றாண்டு டச்சு வேறு. கையெழுத்து வேறு, சுருக்கக் குறிகள் வேறு. பழைய கையெழுத்தைப் படிப்பதற்கே தனிப் பயிற்சி தேவை.

வெளியில் இருந்து தமிழ் படிக்க வருபவர்களுக்கும் இதே தலைவலிதான். புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று படித்துவிட்டு மதுரையில் இறங்கினால், தெருவில் 'வந்துட்டிருக்கான்' என்கிறார்கள். எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்று இரண்டையும் தனித்தனியாகப் படிக்கணும். மதுரையில் தமிழ் வகுப்பு நடத்தும் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்துக்கு மாணவர்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானின் நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டு படித்தார். பிறகுதான் சோழர் கால நில உரிமை பற்றிய அவருடைய ஆய்வுகள் வந்தன.

வேலைக்கு ஆகுமா?

சென்னையில் பிரெஞ்சு படிக்க அலையன்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஜெர்மனுக்கு மேக்ஸ் முல்லர் பவன், ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய். ஐடி கம்பெனியில் ஜப்பானியம் தெரிந்தவருக்குத் தனி மவுசு. ஜெர்மன் படித்தவர் நர்சிங் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகலாம். பழைய டச்சு படித்தவர் எந்த ஹெச்ஆர்-இடம் போய் நிற்பது?

மொழி கற்பதற்கான செலவு மாணவர் தலையில், பலன் எல்லோருக்கும் பொது. சந்தை இதைத் தானாகச் சரிசெய்யாது. அரசோ பல்கலைக்கழகமோ உதவித்தொகை தந்தால்தான் நடக்கும். உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அந்த 1958 சட்டத்தில் இருந்து வந்த மொழி உதவித்தொகைக்கும் ஆய்வு மையங்களுக்கும் தந்துவந்த நிதியை அமெரிக்கக் கல்வித் துறை 2025-ல் நிறுத்தியது. தமிழ் வகுப்புகளும் இந்த நிதியால் பயன்பட்டு வந்தவை.

தமிழக அரசு இந்தத் திசையில் செலவு செய்திருக்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 10 கோடி ரூபாய் தந்தது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை மூடப்படும் நிலைக்கு வந்தபோது 2021-ல் 1.25 கோடி ரூபாய் அறிவித்தது. அடுத்தவர்கள் தமிழ் படிக்கணும் என்பதில் நமக்கு இருக்கும் ஆர்வம் நியாயமானது. தமிழ் மாணவர்கள் போர்ச்சுகீசியமும் டச்சும் சிங்களமும் படிக்கணும் என்பதில் அதில் பாதி ஆர்வம்கூடத் தெரியவில்லை.

சிங்களம் என்று சொன்னது சும்மா இல்லை. வேம்பாருக்கு எதிரே மன்னார் வளைகுடா, அதைத் தாண்டினால் இலங்கை. மீனவர் கைது, படகு பறிமுதல் என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறது. அந்தப் பக்கத்து அரசியல்வாதி தன் வாக்காளரிடம் சிங்களத்தில் என்ன பேசுகிறார் என்பது தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் செய்தி வழியாகவே வந்து சேர்கிறது. சேவியரின் 'வேணும்' கதை இங்கேயும் நடக்கலாம்.

படித்துக் காட்டியவர்கள்

யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் டச்சு மொழி கற்று, டச்சுக் கம்பெனி ஆவணங்களை நேரடியாகப் படித்தார். இலங்கையில் டச்சு ஆதிக்கம் பற்றிய அவரது நூல் 1958-ல் வந்தது. சோழமண்டலக் கரை வணிகர்கள் பற்றிய நூல் 1986-ல். கம்பெனி தன் லாபத்துக்காக எழுதிவைத்த கணக்குகளில் இருந்து தமிழ் வணிகர்களின் கதையை வெளியே எடுத்தார்.

தனிநாயகம் அடிகளும் யாழ்ப்பாணப் பகுதிக்காரர்தான். தூத்துக்குடியில் இருந்து 1952-ல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அவர் லிஸ்பனிலும் ரோமிலும் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிப் போனார். 1554-ல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூல், 1679-ல் அச்சான அந்தாம் த புரோயென்சாவின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி ஆகியவற்றைத் தமிழ் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அந்த அகராதியை 1966-ல் மறுபதிப்பாக வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழகம். அப்போது அங்கே இந்திய ஆய்வுத் துறைத் தலைவர் தனிநாயகம் அடிகள். ஏரியா ஸ்டடீஸ் துறை ஒன்று மொழி தெரிந்தவர் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று காட்டிய இடம் அது.

போர்ச்சுகீசிய, டச்சு ஆவணங்களை வைத்துத் தமிழகக் கடற்கரை வரலாற்றை எழுதி வருபவர் எஸ்.ஜெயசீல ஸ்டீபன். இப்படி எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் பெயர்கள் இருக்கின்றன என்பதே பிரச்சினையின் அளவைச் சொல்லும்.

மாணவர்களுக்கு மொழியையும் சேர்த்துச் சொல்லித்தந்த திட்டமும் ஒன்று இருந்தது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் 2000களில் நடத்திய 'தானாப்'. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா போன்ற நாடுகளின் இளம் ஆய்வாளர்களை அழைத்து, முதலில் டச்சும் பழைய கையெழுத்தும் கற்றுக்கொடுத்து, அதன் பிறகே ஆய்வுக்கு அனுப்பினார்கள். மொழிக்கான காலத்தை ஆய்வுக் காலத்தில் இருந்து திருடாமல், தனியாகக் கொடுத்ததுதான் அதன் சிறப்பு.

ஏஐ வந்துருச்சே, இன்னும் எதுக்கு மொழி?

நியாயமான கேள்வி. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்ந்தன. ஹேக், ஜகார்த்தா, கேப்டவுன், கொழும்பு ஆகியவற்றுடன் சென்னையில் இருக்கும் ஆவணங்களும் அதில் அடக்கம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் கொச்சியில் இருந்து வந்தவை. ஹேக் நகரில் உள்ள ஆவணங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியே படித்து எழுத்தாக்கி, 'குளோபலைஸ்' என்ற திட்டம் இணையத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடலாம். முன்பு நெதர்லாந்துக்கு விமானம் ஏறினால் மட்டுமே பார்க்க முடிந்த பக்கங்கள், இப்போ விளாத்திகுளத்தில் போனிலேயே திறக்கும்.

இது பெரிய மாற்றம். ஆனால் கணினி எழுத்தாக்கித் தருவது பழைய டச்சை. அதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் சரளமான ஆங்கிலம் வரும். அந்தச் சரளம்தான் ஆபத்து. 'மதுரெ' எந்த மதுரெ, 'மலபார்' யார் என்று சந்தேகப்பட, கொஞ்சமாவது மூலத்தைப் படிக்கத் தெரியணும். சரியாக இருக்கிறதா என்று சோதிக்க முடியாத மொழிபெயர்ப்பு ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகப் போய் உட்கார்ந்தால், பிறகு அதை எடுக்கவே முடியாது.

இதில் இறங்க நினைப்பவர்கள் முதுகலை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போர்ச்சுகீசியத்துக்குக் கோவா பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது. இளங்கலையிலேயே மாலை வகுப்பாகவோ ஆன்லைனிலோ ஒரு மொழியைத் தொடங்கிவிட்டால், பிஎச்டியில் அந்த ஒன்றரை ஆண்டு மிச்சம். தேடும்போது ஒரு விஷயம்: 'வேம்பார்' என்று இன்றைய ஆங்கில எழுத்தில் தட்டினால் போதாது. ஹென்ரீக்கஸ் கடிதம் அச்சில் இருப்பது 'பெம்பார்' என்ற ஊர்ப் பெயரில்.